பேர் வெட்டிய மூன்று டம்ளர்கள்

கிழக்குத் தாம்பரம்,
14.10.2003, செவ்வாய்க்கிழமை.

கிறிஸ்துவுக்குள் பிரியமான சாராளுக்கு,

உன் கணவன் தயாளன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நான் இங்கே சுகம். பிரஷர் மட்டும் கொஞ்சம் மேலே நிற்கிறது, ஆனால் அதுவும் சுகமாகத்தான் நிற்கிறது. வேளச்சேரியில் நம் மகள் ஜெரூஷாவும் மாப்பிள்ளையும் சுகம். கொய்யா மரம் சுகம். உன் மிக்ஸிக்குத்தான் சுகமில்லை, அதைப் பற்றி வேறொரு கடிதத்தில் எழுதுகிறேன். மாலத்தீவில் நீயும் உன் கணக்கு வகுப்புப் பிள்ளைகளும் சுகமாயிருக்கக் காலையும் மாலையும் ஜெபிக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டித் தருகிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், "நீங்க சரின்னா கையெழுத்துப் போடுறேன், வேண்டாம்னா நவம்பர்ல பள்ளிக்கூடம் மூடினதும் வந்துடுறேன்" என்று எழுதியிருக்கிறாய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தாராளமாகப் போடு. ரிட்டையரான மறுமாசமே வீட்டில் உட்கார முடியாமல் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தவள் நீ. அங்கே கரும்பலகை இருக்கிறது, கடல் இருக்கிறது, பின்னம் தெரியாத பிள்ளைகள் முப்பது பேர் இருக்கிறார்கள், உனக்கு வேறென்ன வேண்டும். நானும் கூட வந்திருக்கலாம்தான். ஆனால் கோவளத்தில் கணுக்கால் நனைந்ததற்கே தலை சுற்றி உட்கார்ந்தவன், உன் தீவுக்கு எட்டு மணி நேரம் தோணியில் வந்தால் என்னைப் பார்சலாகத்தான் இறக்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லியிருப்பேன். நீ "கேக்குதா?" என்கிறாய், நான் "கேக்குது, உனக்குக் கேக்குதா?" என்கிறேன், அது கடலைத் தாண்டி வந்து சேருவதற்குள் பூத்துக்கார அம்மா மணியைப் பார்க்கிறாள். இரண்டு வருஷமாக நாம் போனில் பேசியது அந்த ஒரு கேள்விதான். அதனால் எழுதுகிறேன். லீவில் வந்திருக்கும் உன் பள்ளிக்கூடத்து நிஷா டீச்சர் வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறாராம், இதைப் பெருங்களத்தூரில் அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன்.

நான் இங்கே உன் ஞாபகமாகவே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. எனக்கு நேரமே இல்லை. ஏனென்றால் ஆகஸ்ட் மாதத்திலிருந்து நான் மேஜிக் பழகுகிறேன். சிரிக்காதே. இது சுந்தர்சிங் செய்த வேலை. நம் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு இந்த வருஷம் ரிட்டையரானவர்களும் ஆளுக்கொரு நிகழ்ச்சி தர வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டுவிட்டு, செயலாளர் என்ற முறையில் நோட்டை எடுத்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சார், பாட்டா, பேச்சா?" என்று கேட்டார். நான் பாடி நீ கேட்டிருக்கிறாய், ஆகவே அது இல்லை. பேசலாம் என்றால் முப்பத்தாறு வருஷம் ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்தவனுக்கு வாழைத்தார் புக்கிங் தவிர என்ன தெரியும். வாய் தவறி "மேஜிக்" என்று சொல்லிவிட்டேன். அவர் அதை மையால் எழுதிவிட்டார்.

வாய் தவறி என்றும் சொல்ல முடியாது. உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னைப் பெண் பார்க்கக் குரோம்பேட்டைக்கு வந்த அன்று, யாரும் பேசாமல் எல்லோரும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று, நான்தான் மூன்று காபி டம்ளரைக் கவிழ்த்து ஒரு கமர்கட்டை வைத்து "எதில் இருக்கிறது?" என்று வித்தை காட்டினேன். கமர்கட் என் சட்டைக் கையிலிருந்து நழுவி உருண்டுபோய் உங்கள் அப்பாவின் செருப்புக்குள் விழுந்தது. அவர் முகம் சுண்டிப் போயிற்று. என் அண்ணன் எழுந்து நின்றேவிட்டான். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது பார், சாராள், அந்தச் சிரிப்பில்தான் என் கல்யாணம் நிச்சயமாயிற்று. முப்பத்தைந்து வருஷமாக அந்த வித்தையை நான் தொடவில்லை. இந்த முறை ஒழுங்காகச் செய்து பார்த்துவிட வேண்டும் என்று ஒரு ஆசை, அவ்வளவுதான்.

ஸ்டேஷன் வாசல் பழைய புத்தகக்காரரிடம் ஒரு மேஜிக் புத்தகம் வாங்கினேன். அட்டை இல்லை, முதல் பத்துப் பக்கமும் இல்லை. பந்தைப் பற்றி அதில் அரைப் பக்கம், டம்ளரைப் பற்றி நாலு பக்கம். உள்ளே இருப்பது தெரியக்கூடாது. மூன்றும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று போட்டால் நடுவில் ஒரு பந்து ஒளிந்துகொள்ள இடம் வேண்டும், ஆனால் சிக்கிக்கொள்ளக் கூடாது. கவிழ்த்து வைத்தால் மேலே வரும் அடிப்பாகம் கொஞ்சம் குழிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன்மேல் வைக்கிற பந்து உருண்டு ஓடிவிடும். வாய், கடைசியில் ஒரு எலுமிச்சம்பழம் வெளியே வருகிற அளவுக்கு அகலம் வேண்டும். இதைப் படித்த பிறகு நான் டம்ளரில் தண்ணீர் குடிப்பதே நின்றுவிட்டது. கையில் எடுத்தவுடன் திருப்பிப் பார்க்கிறேன், தண்ணீர் மடியில் கொட்டுகிறது.

முதலில் பிளாஸ்டிக் டம்ளர் வாங்கினேன். மின்விசிறியைப் போட்டதும் மூன்றும் எழுந்து போய்விட்டன. மின்விசிறியை நிறுத்தினால் எனக்கு வியர்த்து, கையிலிருக்கும் பந்து ஒட்டிக்கொண்டு விழ மாட்டேன் என்றது. பிறகு உன் ஷோகேசில் இருக்கும் பூப்போட்ட பீங்கான் கப்பை எடுத்தேன். எடுக்கக்கூடாதுதான். காது வைத்த கப் வித்தைக்கு உதவாது என்று புத்தகத்தில் மூன்றாவது பக்கத்தில் போட்டிருக்கிறது, நான் அப்போது இரண்டாவது பக்கத்தில் இருந்தேன். சட்டைப் பித்தான் காதில் மாட்டி, கப் என்னோடு சமையலறை வரைக்கும் வந்து, அங்கே தரையில் இறங்கியது. காது மட்டும்தான் போயிற்று. பசை போட்டு ஒட்டிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன், ஷோகேசைத் திறந்தால் தெரியாது. நீயும் தெரியாத மாதிரி இருந்துவிடு. பந்துக்கு உன் சிவப்புக் கம்பளி நூல் உருண்டையிலிருந்து கொஞ்சம் வெட்டிக்கொண்டேன், பாதி பின்னி வைத்திருந்தாயே, அதைத் தொடவில்லை.

அப்புறம் சமையலறையில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள். ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டு ஒரு அமுக்கு அமுக்கினேன், இரண்டும் பிரிய மாட்டேன் என்றுவிட்டன. எண்ணெய் விட்டேன், வெந்நீரில் போட்டேன், கதவிடுக்கில் வைத்து இழுத்தேன். அப்போதுதான் மீன்கார ஜெயக்கொடி கூடையோடு வந்தாள். அவளுக்கு உன்மேல் இருக்கும் பிரியம் உனக்குத் தெரியும், கானத்தூரிலிருந்து பஸ் மாறி இந்தத் தெருவுக்கு வருவதே அக்காவுக்காகத்தான் என்பாள். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து இழுத்தோம். "இன்னா சார் இது, இப்டி ஒட்டிக்கினு கீது? கையி வயுக்குது, நல்லா புடி!" என்றாள். டம்ளர் பிரிந்தது, நான் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அவள் நெத்திலியை அளந்து வைத்தாள். நீ போனதிலிருந்து எனக்கு அவள் நெத்திலி தவிர வேறு மீன் கொடுப்பதில்லை. கூடையில் வஞ்சிரம் பளபளவென்று கிடக்கும், கேட்டால் "ஒத்த ஆளுக்கு இன்னாத்துக்கு சார் வஞ்சிரம்? அக்கா வரட்டும், முய்சா தரேன்" என்று கூடையை மூடிவிடுவாள். காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு இந்த வீட்டு வாசலில் இவ்வளவுதான் மரியாதை.

கடைசியில் படியேறி ஸ்டேஷனைத் தாண்டி மேற்குத் தாம்பரம் போனேன். நமக்குப் பழக்கமான பாத்திரக் கடை சேட்டு, "வாங்க சார், அம்மா சௌக்கியமா? டம்ளர் எதுக்கு, வீட்டுக்கா, சீருக்கா?" என்றார். "கவுக்கறதுக்கு" என்றேன். அவர் கையிலிருந்த டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தார். "சார், எல்லா டம்ளரும் கவுக்கலாம் சார்" என்றார். நான் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தையும் சிவப்புப் பந்தையும் எடுத்துக் கல்லா மேல் வைத்துவிட்டு, ஒவ்வொரு டம்ளராக அடியைத் தடவி, வாய்க்குள் எலுமிச்சையை விட்டு எடுத்து, மூன்று மூன்றாக அடுக்கி, காதுப் பக்கம் வைத்துக் குலுக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். சீர்ப் பாத்திரம் எடுக்க வந்த ஒரு குடும்பம், இது ஏதோ பாத்திரம் சோதிக்கிற முறை என்று நினைத்து, அவர்களும் ஒரு எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கி எல்லாவற்றுக்குள்ளும் போட்டுப் பார்த்தார்கள். முப்பத்தெட்டாவது டம்ளரில் கிடைத்தது, சாராள். விளிம்பு மடிந்து கைக்கு வாகாக, அடி லேசாகக் குழிந்து, அடுக்கினால் நடுவில் பந்துக்கு ஒரு விரல் இடம். அதே அச்சில் மூன்று. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சேட்டு மூன்றையும் துடைத்து, வழக்கம்போல "பேர் வெட்டிடலாமா சார்?" என்றார்.

இங்கேதான் சறுக்கினேன். நம் வீட்டில் பேர் வெட்டாத பாத்திரம் எது? சபை விருந்துக்குப் போன அண்டா முதல் கரண்டி வரைக்கும் பேர் இருந்ததால்தானே வீடு திரும்பியது. நானும் பார்சல் ஆபீஸ்காரன், பேர் இல்லாத சரக்கு வண்டி ஏறக்கூடாது என்பது என் ரத்தத்தில் இருக்கிறது. யோசிக்கவே இல்லை. சீட்டை வாங்கி மூன்று பேர் எழுதினேன். ஒன்றில் சாராள், ஒன்றில் தயாளன், ஒன்றில் ஜெரூஷா. மெஷின்காரர் டர்ரென்று வெட்டிக் கொடுத்தார். மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று மூன்று வாரம் அலைந்தவன், அவற்றுக்கு ஆளுக்கொரு பேரை வைத்து, சந்தோஷமாகப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டில் ஒத்திகை ஜோராக நடந்தது. ஜெயக்கொடிதான் சபை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பார்ப்பாள். ரகசியம் என்னவென்றால் பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற பந்து மூன்று, உண்மையில் நாலு. நாலாவது எப்போதும் ஒரு டம்ளருக்குள் ஒளிந்திருக்கும், வேகமாகக் கவிழ்த்தால் உள்ளேயே நிற்கும், பயந்து மெதுவாகக் கவிழ்த்தால் வெளியே எட்டிப் பார்க்கும். ஒரு மாதத்தில் என் கை பயத்தை விட்டுவிட்டது. ஆனாலும் பந்தை எங்கே வைத்தாலும் அவள் சொல்லிவிடுவாள். "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றேன். "நானு மீன் விக்கறவ சார், கையப் பாக்க மாட்டேன், கண்ணத்தான் பாப்பேன். வாங்கறவங்க எந்த மீன எடுக்கப் போறாங்கன்னு கண்ணு சொல்லிடும்" என்றாள். கண்ணை எங்கும் ஓட விடாமல் ஒரே இடத்தில் வைக்கப் பழகினேன். அதற்குப் பிறகு அவளால் முடியவில்லை, தப்புத் தப்பாகச் சொன்னாள். கடைசியில் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "இன்னா சார் நீ, உருண்ட எங்கியோ கீது, நீ அந்த ஒரு டம்ளரயே பாத்துகினு கீற!" என்றாள். அது உன் டம்ளர். அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் அவள் சொல்லவில்லை. எனக்குப் படிக்கத் தெரியும், ஆனால் பேரே டம்ளரைக் காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பண்டிகை. பந்தலில் காணிக்கையாக வந்த பூசணிக்காய், கரும்பு, வாழைத்தார், கூண்டில் நாலு சேவல் என்று எல்லாம் வழக்கம்போல. வழக்கத்துக்கு மாறாக இந்த வருஷம் வீடியோக்கார அந்தோணிசாமியைச் சொல்லி, பின்னால் இருப்பவர்களுக்கும் தெரியட்டும் என்று இரண்டு பக்கமும் டிவி வைத்திருந்தார்கள். சேவல் ஏலம் முடிந்ததும் என் பேரைக் கூப்பிட்டார்கள். மேஜையில் மூன்று டம்ளரையும் கவிழ்த்தேன். அந்தோணிசாமி ஆர்வக்கோளாறு பிடித்தவர், கேமராவை டம்ளருக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டார். டிவியில் உன் பேர் பூசணிக்காய் அளவுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. பந்தை உன் டம்ளரில் போட்டு, மூன்றையும் மாற்றி மாற்றி நகர்த்தி, "எதில் இருக்கிறது?" என்று கேட்டேன். முன் வரிசையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள், கழுத்தைச் சாய்த்துக்கொண்டு எழுத்துக் கூட்டி, ஒரே குரலாக, "சாராள்!" என்றார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுபடி நகர்த்தினேன். "சாராள்! சாராள்!" இப்போது வாலிபர்களும் சேர்ந்துகொண்டார்கள். டிவியைப் பார்த்துவிட்டுப் பெண்கள் ஐக்கிய சங்கமே சேர்ந்துகொண்டது, அதுதான் உன் சங்கம், விடுவார்களா. பந்தல் முழுக்கச் சிரிப்பும் கைதட்டலும். போதகர் ஐயர்கூடச் சிரிக்கிறார். என் வித்தையின் மானம் போய்க்கொண்டிருக்கிறது, வெட்கப்பட வேண்டியவன், அப்படியே நின்றேன். இரண்டு வருஷமாக நம் வீட்டில் உன் பேரை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை, சாராள். நான் யாரைக் கூப்பிட? "சாராள், டவல்", "சாராள், கண்ணாடி எங்கே", "சாராள், கேட்டில் யார் பார்" என்று நாள் முழுக்க அந்தப் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்த வாய் இது. இருநூறு பேர் சேர்ந்து அதைக் கூப்பிடுகிறார்கள், நீதான் உள்ளேயிருந்து வரவில்லை. பிள்ளைகள் விடவில்லை. டம்ளரைத் தூக்கினேன்.

உள்ளே ஒன்றுமில்லை. பந்தை நான் எப்போதோ என் டம்ளருக்கு மாற்றியிருந்தேன். வித்தை பலித்துவிட்டது. என் கண் கடைசிவரைக்கும் உன் டம்ளரிலேயே இருந்ததால் அத்தனை பேரும் ஏமாந்தார்கள். கைதட்டல் வருவதற்கு முன்னால், முன் வரிசையில் ஒரு சின்னப் பெண், ரொம்பப் பொறுப்பாக, "சாராள் இல்ல, அங்கிள்" என்றாள். கடைசியில் எலுமிச்சம்பழம் வர வேண்டும். அது என் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. கை வரவில்லை. சுந்தர்சிங் வந்து காதருகில், "என்ன சார், அவ்ளோதானா?" என்றார். "அவ்ளோதான்" என்றேன்.

திரும்பி வரும்போது, பண்டிகைக்கு வந்திருந்த ஜெரூஷா கேட் வரைக்கும் வந்து, "அப்பா, அம்மாவை வரச் சொல்லுங்களேன்" என்றாள். நான் அவளைத் திட்டினேன். அம்மா அங்கே எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள், ஒவ்வொரு கடிதத்திலும் எத்தனை ஆச்சரியக்குறி போடுகிறாள், பெற்றவளை இழுத்துக்கொண்டு வந்து மிக்ஸி முன்னால் நிறுத்துவதா, அவள் தாராளமாக இருக்கட்டும் என்றேன். நேற்று ஜெயக்கொடி வந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "அக்காவுக்கு எய்தி போட்டியா சார்?" என்றாள். "எழுதணும். தாராளமா இன்னும் ரெண்டு வருஷம் இருன்னு எழுதப் போறேன்" என்றேன். அவள் நெத்திலியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "உன் கண்ணு எங்கியோ பாத்துகினு கீது சார், கை மட்டும் வேற எய்தப் போவுது" என்றாள். மீன்காரிக்கு என்ன தெரியும்? நீ அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஆகவே என் முடிவு தெளிவானது. கையெழுத்தைத் தாராளமாகப் போடு. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. காபி போடக் கற்றுக்கொண்டேன், சட்டைப் பித்தான் தைக்கக் கற்றுக்கொண்டேன், நாலு பந்தில் ஒன்றை மறைக்கவும் கற்றுக்கொண்டேன். உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம் சொல். தோணியில் போகும்போது நடுவில் உட்கார். கர்த்தர் உன்னையும், உன் முழங்காலையும், உன் சிவப்புப் பேனாவையும் காத்துக்கொள்வாராக. சபையார் அனைவரும் உன்னை விசாரித்தார்கள், இந்த முறை சத்தமாகவே விசாரித்தார்கள்.

உன் பிரியமுள்ள கணவன்,
தயாளன்.

பின்குறிப்பு: மேலே எண்ணிப் பார்த்தேன், "தாராளம்" என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறேன். நாலையும் உன் சிவப்புப் பேனாவால் அடித்துவிடு. கையெழுத்துப் போடாதே. வந்துவிடு, சாராள், என்னால் முடியவில்லை. மிக்ஸி நன்றாகத்தான் இருக்கிறது, நீ வருவதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று எழுதினேன். பீங்கான் கப்பில் ஒன்றல்ல, இரண்டுக்குக் காது போயிற்று. இன்று காலை ஜெயக்கொடியிடம் நவம்பர் கடைசிக்கு முழு வஞ்சிரம் ஒன்று சொல்லிவிட்டேன், "அக்கா வர்றாங்களா?" என்று கேட்டாள், "வர்றாங்க" என்றேன். கூடையை அங்கேயே போட்டுவிட்டுத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள். இனி நான் எப்படி இல்லை என்று சொல்வது?